தும்மலில் பிறந்த மெட்டு

(‘உளவுப் படங்களுக்கு உயிர் கொடுப்பது முகப்புப் பாடலா, பின்னணி இசையா?’ என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பேச்சரங்கத்தில், ‘பின்னணி இசையே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சாளர் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா பாதி நேரம் பேசினார், பாதி நேரம் பாடினார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், நன்றாகவே பாடினார். கைதட்டலையும் அள்ளிக் கொண்டு போனார். எனக்குப் பாட வராது, ஐயா. அதனால்தான் என்னைப் பின்னணி இசை அணியில் போட்டார்கள் போலிருக்கிறது. (சிரிப்பு)

அக்கா மூன்று கேள்விகளை எங்கள் மீது வீசிவிட்டுப் போயிருக்கிறார். ஷெர்லி பாஸியின் குரல் இல்லாமல் ‘கோல்ட்ஃபிங்கர்’ ஏது என்பது முதல் கேள்வி. ஜேம்ஸ் பாண்ட் படங்களில் ஆஸ்கார் வாங்கிய இசை எல்லாமே பாடல்கள்தானே, பின்னணி இசைக்கு ஒன்றாவது கிடைத்ததா என்பது இரண்டாவது. லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பாடிய அந்தப் பாடலைக் கேட்டுக் கண் கலங்காதவர் உண்டா என்பது மூன்றாவது. மூன்றும் நல்ல கேள்விகள். ஒன்றையும் விடாமல் பதில் சொல்லிவிட்டுத்தான் இந்த மேடையை விட்டு இறங்குவேன்.

ஆனால் அதற்கு முன்னால், உளவாளி என்றால் யார் என்பதில் இருந்து தொடங்குவோம்.

பேசாதவனுக்கு எது நாக்கு?

நம் வள்ளுவர் பெருமான் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். 59-ஆவது அதிகாரம். ஒற்றன் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் இலக்கணம் சொல்கிறார். பார்த்தவர் ஐயப்படாத தோற்றம் வேண்டும். எவர் முறைத்தாலும் அஞ்சக் கூடாது. என்ன நேர்ந்தாலும் உள்ளத்தில் இருப்பதை வெளியே விடக் கூடாது. இந்த மூன்றும் உள்ளவனே ஒற்றன் என்கிறார்.

அப்படியானால் சிந்தித்துப் பாருங்கள். காதல் படத்தில் நாயகன் தன் மனத்தைத் திறந்து பத்துப் பக்கம் பேசலாம். குடும்பப் படத்தில் அழுது புரளலாம். உளவுப் படத்தின் நாயகனுக்கு அந்த உரிமை கிடையாது. அவன் பயந்தால் பயத்தை முகத்தில் காட்டக் கூடாது. காதலித்தால் அதை ஒப்புக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் நிற்பவன் பகைவன் என்று தெரிந்தாலும் சிரித்துக் கொண்டே கோப்பையை உயர்த்த வேண்டும். தொழிலே மறைப்பதுதான்.

அவன் மறைப்பது நமக்கு எப்படித் தெரிகிறது? இரண்டு மணி நேரம் அவன் கூடவே நடந்து, அவன் சொல்லாததை எல்லாம் நம் காதில் சொல்லிக் கொண்டே வருவது யார்? பின்னணி இசை, ஐயா. பேசாத மனிதனுக்கு அதுதான் நாக்கு.

முகப்புப் பாடல் என்ன செய்கிறது? படம் தொடங்கி மூன்று நிமிடம் வருகிறது. பெயர்கள் ஓடுகின்றன, நிழல் உருவங்கள் ஆடுகின்றன, பாடல் முடிகிறது. பாடகியும் ஊதியத்தை வாங்கிக் கொண்டு போய்விடுகிறார். அதற்குப் பிறகு இருட்டில் சந்து சந்தாக உளவாளியோடு அலைவது வாத்தியக்காரர்கள்தான்.

நான்கு ஸ்வரத்தில் ஒரு சந்தேகம்

1962-இல் ‘டாக்டர் நோ’ வந்தது. ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் முதல் படம். அந்தப் படத்தில் ஒலித்த மெட்டை இன்றைக்கு ஐந்து வயதுக் குழந்தையும் வாயால் இசைக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று என்றைக்காவது பிரித்துப் பார்த்திருக்கிறோமா?

சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன். அடியில் ஓடும் அந்த நான்கு படிகளைக் கவனியுங்கள். பஞ்சமம், அடுத்துச் சுத்த தைவதம், அடுத்துச் சதுச்ருதி தைவதம், மீண்டும் சுத்த தைவதம். இவ்வளவுதான். அரை ஸ்வரம் ஏறுகிறது, இன்னும் அரை ஸ்வரம் ஏறுகிறது, பிறகு இறங்கிவிடுகிறது. முழுதாக ஏறிப் போய் எதையும் சொல்வதில்லை. கதவு வரைக்கும் வந்து, கை வைத்து, திரும்பிப் போகும் ஒரு மனிதனின் காலடி மாதிரி இருக்கிறது. சொல் ஒன்று கூட இல்லை. ஆனால் ‘யாரோ வருகிறான், கவனம்’ என்று நம் முதுகுத் தண்டு சொல்கிறது. எந்தக் கவிஞரை அழைத்து வந்து எழுதச் சொன்னாலும் இதைவிடச் சுருக்கமாக எழுத முடியுமா?

இன்னொன்று பார்ப்போம். ‘மிஷன் இம்பாசிபிள்’. 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராக வந்தது. இசை அர்ஜென்டினாவில் பிறந்த லாலோ ஷிஃப்ரின். 2025-இல்தான் காலமானார். அந்த மெட்டின் தாளம் ஐந்து. மேற்கத்திய ஜனரஞ்சக இசை நான்கிலேயே நடந்து பழகியது. நமக்கு ஐந்து என்பது கண்ட நடை, பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. வீட்டில் இருப்பவர்கள் மேசையில் தட்டிப் பாருங்கள்: தகிட, தகிட, தக, தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. கூட்டினால் பத்து. இரட்டித்த ஐந்து. நீங்கள் தட்டுவது ‘மிஷன் இம்பாசிபிள்’!

அந்தக் கணக்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய தந்திக் குறியில் எம் என்ற எழுத்துக்கு இரண்டு நீள ஒலி. ஐ என்ற எழுத்துக்கு இரண்டு குறுகிய ஒலி. நீளத்துக்குத் தகிட, குறுக்கத்துக்குத் தக என்று வைத்துக் கொண்டு ‘மிஷன் இம்பாசிபிள்’ என்ற பெயரின் முதல் எழுத்துகள் இரண்டையும் தட்டினால் அதே தாளம் விழுகிறது. ஒரு தொடரின் பெயரையே தாளத்துக்குள் இரகசியச் செய்தியாக வைக்க முடிகிறது என்றால், அதுவல்லவா உளவு வேலை!

1966-இல் தொடங்கிய அந்த மெட்டு, 1996 முதல் 2025 வரை டாம் குரூஸ் நடித்த எட்டுப் படங்களிலும் தொடர்ந்தது. முகப்பில் திரி பற்றி எரியும்போது யாரும் பாடுவதில்லை, மெட்டு மட்டும்தான் ஓடுகிறது. ‘ஐயோ, பாட்டு இல்லையே’ என்று யாராவது திரையரங்கை விட்டு எழுந்து போனார்களா? எதிரணி நண்பர்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஒரே ஆண்டு, இரண்டு உளவாளிகள்

1965-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். அந்த ஆண்டில் ‘தண்டர்பால்’ வந்தது. அதே ஆண்டில் ‘தி இப்க்ரெஸ் ஃபைல்’ என்ற படமும் வந்தது. இரண்டுக்கும் இசை ஜான் பாரி. இரண்டுக்கும் தயாரிப்பில் ஹாரி சால்ட்ஸ்மேன் இருந்தார்.

‘இப்க்ரெஸ்’ படத்தின் நாயகன் மைக்கேல் கெய்ன். மூக்குக் கண்ணாடி போட்டவன். தானே காப்பிக் கொட்டையை அரைத்துக் காப்பி போடுகிறவன். மேலதிகாரியிடம் திட்டு வாங்கி, சம்பள உயர்வைப் பற்றி யோசிக்கிற உளவாளி. நம் அரசாங்க அலுவலகக் கிராணி மாதிரி ஒருவன். அவனுக்கு எக்காளம் ஊதினால் பொருந்துமா? பாரி என்ன செய்தார் தெரியுமா? ஹங்கேரி நாட்டில் புகழ்பெற்ற சிம்பலம் என்ற கருவியைக் கொண்டு வந்தார். நம் சந்தூர் போல, தந்திகளைக் கோலால் தட்டி வாசிக்கும் கருவி. அந்தத் தனிமையான ஒலி கேட்டதும் லண்டன் குளிரும் அந்த மனிதனின் சலிப்பும் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுகின்றன. அந்தப் படத்தின் முகப்பில் பாடலே கிடையாது.

அதே பாரி, அதே ஆண்டு, ‘தண்டர்பால்’. அங்கே என்ன நடந்தது? முதலில் வேறு ஒரு முகப்புப் பாடலைத் தயார் செய்தார்கள். பாடகிகளை வைத்து ஒலிப்பதிவும் முடிந்தது. கடைசி நேரத்தில், ‘பாட்டில் படத்தின் பெயர் இல்லையே’ என்று கேள்வி வந்தது. பாட்டைத் தூக்கிவிட்டார்கள். அவசரமாக இன்னொன்று எழுதி டாம் ஜோன்ஸ் பாடினார். நன்றாகத்தான் பாடினார். ஆனால் தூக்கி எறியப்பட்ட முதல் பாட்டின் மெட்டு எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. படம் முழுக்கப் பின்னணி இசையில் அது ஓடிக் கொண்டிருக்கிறது. விளம்பரத்துக்கு உதவாது என்று வாசலில் தள்ளப்பட்ட மெட்டுக்கு, உள்ளே இடம் கொடுத்துச் சோறு போட்டுக் காப்பாற்றியது பின்னணி இசைதான். முகப்புப் பாடல் பெயர்ப் பலகை, நடுவர் ஐயா. பலகையை ஒரே இரவில் மாற்றலாம். வீட்டை அப்படி மாற்ற முடியாது.

மூன்று கேள்விகள், மூன்று பதில்கள்

இப்போது அக்காவின் கேள்விகளுக்கு வருகிறேன்.

முதல் கேள்வி, ‘கோல்ட்ஃபிங்கர்’. 1964. ஷெர்லி பாஸியின் குரலை நான் குறை சொல்லப் போவதில்லை. குறை சொன்னால் என் வீட்டிலேயே எனக்குச் சோறு கிடைக்காது. (சிரிப்பு) அந்தப் படத்தின் இசைத்தட்டு 1965-இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் இடம் பிடித்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாடலுக்கு மெட்டுப் போட்டவரும் பாரி. பின்னணி இசை அமைத்தவரும் பாரி. அதனால் பாடல் மூன்று நிமிடத்தில் செத்துப் போகவில்லை. அதன் மெட்டைத் துண்டு துண்டாக எடுத்துப் படம் நெடுகத் தூவினார். வில்லனின் தங்க ஆசை தலைகாட்டும் இடத்தில் எல்லாம் அந்த ஊதுகுழல்கள் எச்சரிக்கின்றன. பாடல் நம் நெஞ்சில் தங்கியதற்குக் காரணம், பின்னணி இசை அதை நமக்குத் திரும்பத் திரும்ப ஊட்டியதுதான். தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளை, ‘நான் தானாகவே வளர்ந்தேன்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

இரண்டாவது கேள்வி, ஆஸ்கார். அக்கா சொன்னது உண்மை. ‘ஸ்கைஃபால்’ படத்துக்காக அடேல், ‘ஸ்பெக்டர்’ படத்துக்காக சாம் ஸ்மித், ‘நோ டைம் டு டை’ படத்துக்காக பில்லி ஐலிஷ் என்று மூன்று பாடல்கள் ஆஸ்கார் வாங்கின. பாண்ட் படத்தின் பின்னணி இசைக்கு ஒன்றும் இல்லை. 11 பாண்ட் படங்களுக்கு இசை அமைத்த ஜான் பாரி, வாழ்நாளில் 5 ஆஸ்கார் வாங்கினார். அதில் ஒன்று கூடப் பாண்டுக்காக இல்லை. இதைக் கேட்டால் எனக்கு வெட்கம் வரவில்லை, வருத்தம்தான் வருகிறது. பரிசு என்பது கண்ணுக்குத் தெரிகிறவனுக்குப் போகிறது. மேடையில் வந்து பாடுகிறவர் தெரிகிறார். இருட்டில் வாசிக்கிறவர் தெரிவதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் புகைப்படம் எடுக்கிறார்கள், அடுப்படியில் நின்றவரை யாரும் எடுப்பதில்லை. அதற்காகச் சோறு ஆக்கியது மாப்பிள்ளை என்று ஆகிவிடுமா?

விற்பனையையும் சொன்னார்கள். 1985-இல் டுரான் டுரான் குழு பாடிய ‘எ வியூ டு எ கில்’ அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதல் இடம் பிடித்தது. பெரிய வெற்றிதான். ஆனால் 1962 முதல் 2021 வரை அந்த வரிசையில் 25 படங்கள். 6 நடிகர்கள் மாறினார்கள். முகப்பில் பாடியவர்கள் ஏறக்குறைய ஒவ்வொரு படத்துக்கும் மாறினார்கள். ஷெர்லி பாஸி ஒருவருக்குத்தான் மூன்று முறை அழைப்பு வந்தது. இத்தனை மாற்றத்திலும் மாறாமல் நின்றது எது? அந்த மெட்டு. சட்டைகள் மாறுகின்றன, முதுகெலும்பு மாறுவதில்லை.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். 1969-இல் வந்த ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’. பாண்ட் திருமணம் செய்து கொள்கிறான். மணநாளிலேயே மனைவி சுட்டுக் கொல்லப்படுகிறாள். அந்தப் படத்துக்காக, காலம் நமக்கு நிறைய இருக்கிறது என்ற பொருளில் ஒரு காதல் பாடல். உடல் நலம் குன்றியிருந்த ஆம்ஸ்ட்ராங் பாடினார். இரண்டு ஆண்டுகளில், 1971-இல் அவரும் போய்விட்டார். இந்தப் பாடலை எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஒப்புக்கொள்கிறேன், இது அழகான பாடல்.

ஆனால் இரண்டு செய்திகளை மட்டும் அக்கா சொல்லாமல் விட்டுவிட்டார். ஒன்று, அது முகப்புப் பாடலே இல்லை. அந்தப் படத்தின் முகப்பில் பாட்டுக் கிடையாது, முழுக்க முழுக்க வாத்திய இசை. பாடல் கதைக்கு நடுவில்தான் வருகிறது. இரண்டு, மனைவி மடியில் சாய்ந்து கிடக்கும் கடைசிக் காட்சியில் ஆம்ஸ்ட்ராங் பாடவில்லை. அதே மெட்டு, சொல் இல்லாமல், மெதுவாக வருகிறது. ‘காலம் இருக்கிறது’ என்ற சொல்லை அந்த இடத்தில் யாராவது வாய் திறந்து பாடியிருந்தால் அது கொடுமையாக இருந்திருக்கும். சொல்லை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வைத்தார் பாரி. விடுபட்ட சொல்லை நாமே மனத்துக்குள் நிரப்பிக் கொண்டு அழுகிறோம். 52 ஆண்டுகள் கழித்து, 2021-இல் ‘நோ டைம் டு டை’ படத்தின் தொடக்கத்தில், பாண்ட் ஒரு பெண்ணோடு காரில் போகும்போது ஹான்ஸ் ஸிம்மர் அதே மெட்டை மெல்ல இழைய விட்டார். பழைய படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது, இந்தக் காதலுக்கும் என்ன ஆகப் போகிறது என்று. பாத்திரங்களுக்குத் தெரியாததை நமக்கு இரகசியமாகச் சொன்னது எது? மீண்டும் அதே பின்னணி இசை.

மகுடியில் ஒரு சங்கேதம்

நம் ஊர்க்காரர் ஒருவரின் சாட்சியும் என்னிடம் இருக்கிறது. 1983-இல் ‘ஆக்டோபஸி’ வந்தது. ராஜஸ்தானத்து உதய்ப்பூரில் எடுத்தார்கள். ரோஜர் மூர் படகில் வந்து இறங்குகிறார். கரையில் ஒரு பாம்பாட்டி மகுடி ஊதிக் கொண்டிருக்கிறான். அவன் ஊதுவது என்ன? பாண்ட் மெட்டு! அதைக் கேட்டதும் பாண்டுக்குத் தெரிந்துவிடுகிறது, இவன்தான் நம் ஆள் என்று. அந்தப் பாம்பாட்டி யார் தெரியுமா? சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ்! (கைதட்டல்)

அந்தக் காட்சி சிரிப்பதற்காக வைத்தது. ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. உளவாளிக்கு உளவாளி சங்கேதம் சொல்ல வேண்டும். பாட்டுப் பாடினால் மொழி தெரிந்தவன் எல்லாம் புரிந்து கொள்வான். மெட்டு மட்டும் போதும். அது மகுடியில் ஊதினாலும் தெரியும், மின் கிட்டாரில் மீட்டினாலும் தெரியும். பாடலை மகுடிக்குக் கொடுத்தால் பாதி போய்விடும். மெட்டு எங்கே போனாலும் முழுதாகப் போகிறது.

2006-இல் ‘கசினோ ராயல்’ படத்துக்கு இசை அமைத்த டேவிட் ஆர்னால்ட் இதற்கும் ஒரு படி மேலே போனார். டேனியல் கிரேக் இன்னும் முழு பாண்ட் ஆகவில்லை, கற்றுக் கொண்டிருக்கிறான் என்பது கதை. அதனால் படம் முழுக்க மெட்டைச் சிறு துளிகளாகக் காட்டிவிட்டு, முழு வடிவத்தைக் கொடுக்காமல் பூட்டி வைத்தார். கடைசிக் காட்சியில் அவன் தன் பெயரைச் சொல்கிறான். அப்போதுதான் கதவு திறக்கிறது, மெட்டு முழுதாகப் பாய்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த நமக்கு உடம்பு சிலிர்க்கிறது. முகப்புப் பாடல் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், பாவம், அதற்குக் காத்திருக்கத் தெரியாது. உளவாளிக்கு முதல் தகுதியே காத்திருப்பதுதான்.

மெட்டு எங்கிருந்து வந்தது?

நிறைவாக, நான் இன்றைக்கு இந்த மேடைக்கு வந்ததே இதைச் சொல்லத்தான். அந்த மெட்டு எங்கே பிறந்தது?

லண்டனில் யூதக் குடும்பத்தில் பிறந்த மான்டி நார்மன் என்ற இசையமைப்பாளர் இருந்தார். ‘டாக்டர் நோ’ படத்துக்கு இசை அமைக்க அவரைத்தான் அழைத்தார்கள். அதற்குச் சற்று முன்னால் அவர் ஓர் இசை நாடகத்துக்காக உழைத்துக் கொண்டிருந்தார். 1961-இல் வெளிவந்த வி.எஸ். நைபாலின் நாவல், மிஸ்டர் பிஸ்வாசுக்கு ஒரு வீடு என்று பொருள்படும் பெயர் கொண்டது. அதை மேடை நாடகமாக்கும் திட்டம்.

அந்த நாவல் யாரைப் பற்றியது? டிரினிடாட் தீவில் குடியேறிய இந்தியர்களைப் பற்றியது. 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டு போகப்பட்டவர்களின் சந்ததி. நம் பாட்டன்மார்கள் ரப்பர் காட்டுக்கு வந்தார்கள், அவர்கள் கரும்புக் காட்டுக்குப் போனார்கள். கடல் வேறு, கப்பல் வேறு, கண்ணீர் ஒன்றுதான். மோகன் பிஸ்வாஸ் பிறக்கும்போதே ஆறு விரலோடு பிறக்கிறான். பண்டிதர் வந்து பார்த்து, இவன் தும்மினால் ஆகாது, தும்மல் கெட்ட சகுனம் என்று சொல்லிவிடுகிறார். வாழ்நாள் முழுக்க அவன் பிறர் வீட்டுத் திண்ணையில், மாமியார் வீட்டு மூலையில் ஒண்டிக் கிடக்கிறான். ‘எனக்கென்று ஒரு வீடு’ என்பதே அவன் கனவு.

அந்தத் தும்மலைப் பற்றித்தான் நார்மன் ஒரு பாட்டு அமைத்தார், இந்தியச் சாயலில், சிதார் ஒலியை மனத்தில் வைத்து. நாடகம் மேடை ஏறவில்லை. பாட்டு மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. பாண்ட் படத்துக்கு மெட்டு வேண்டும் என்றபோது அதை வெளியே எடுத்தார். சொல்லை நீக்கினார். தாளத்தை வெட்டி வேகப்படுத்தினார். ஜான் பாரி அதற்கு வாத்திய அமைப்பைக் கொடுத்தார். விக் ஃபிளிக் என்ற கிட்டார் கலைஞர் அடித்தந்தியில் அதை மீட்டினார். உலகம் திரும்பிப் பார்த்தது.

உடனே எதிரணி அக்கா எழுந்து, ‘பார்த்தீர்களா, அதுவும் முதலில் பாட்டுத்தானே’ என்று கேட்பார். முகத்திலேயே தெரிகிறது! (சிரிப்பு) ஆம், அக்கா, பாட்டுத்தான். ஆனால் பாட்டாக இருந்தவரைக்கும் அது இழுப்பறைக்குள் தூங்கியது. சொல்லைக் கழற்றி வைத்த பிறகுதான் அது உலகம் சுற்றியது. சொல்லோடு இருந்திருந்தால் அது ஒரு தீவின் ஒரு மனிதனின் கதை. சொல் போன பிறகு எல்லா நாட்டுக்கும் பொதுவான மெட்டு. என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அந்த மெட்டு தனக்கே சொந்தம் என்பதற்காக நார்மன் நீதிமன்றம் ஏற வேண்டி வந்தது. மெட்டுப் போட்டது அவர் அல்ல, பாரிதான் என்று லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ 1997-இல் எழுதியது. நார்மன் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். பாரியே வந்து சாட்சி சொன்னார். 2001 மார்ச்சில் தீர்ப்பு நார்மன் பக்கம் வந்தது. 30,000 பவுன் இழப்பீடு. அதே 2001-இல்தான் நைபாலுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 2005-இல் நார்மன் அந்தப் பழைய தும்மல் பாட்டையும் இசைத்தட்டில் வெளியிட்டார். 2022-இல் காலமானார். பாரி 2011-லும், கிட்டார் மீட்டிய ஃபிளிக் 2024-லும் மறைந்தார்கள்.

விதை போட்டவர் ஒருவர், மரமாக வளர்த்தவர் இன்னொருவர், தந்தியில் விரல் வைத்தவர் மூன்றாமவர். எதிரணி பேசியபோது பாடியவர்களின் பெயர்கள் மழையாகப் பொழிந்தன. இந்த மூவரில் ஒருவர் பெயராவது வந்ததா? நடுவர் ஐயா, இது வெறும் இசைச் சண்டை இல்லை. யார் உழைப்பு, யாருக்குப் பெயர் என்கிற பழைய வழக்கு. மரம் சீவியவர் பெயர் எந்த டயரில் இருந்தது? தோட்டத்தில் பிறந்த நமக்கு அந்த வழக்கு புதிதில்லை.

முகப்புப் பாடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசலில் கோலம் வேண்டும். கோலத்தைப் பார்த்துத்தான் விருந்தாளி உள்ளே வருகிறார். ஆனால் மழை பெய்தால் கோலம் கரைகிறது. கூரைதான் நம்மைக் காக்கிறது. பாடல் கோலம், பின்னணி இசை வீடு.

வாழ்நாள் எல்லாம் தனக்கு ஒரு வீடு தேடிய பிஸ்வாசின் நாடகம் மேடை ஏறவில்லை. ஆனால் அவன் தும்மலுக்காகப் பிறந்த மெட்டு 25 படங்களுக்குள் குடியேறி, அறுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த மெட்டை முணுமுணுத்துக் கொண்டு ஓடினால், அவனை நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள். ‘தம்பி, இது ஏதோ வெள்ளைக்காரத் துப்பாக்கிக்காரன் பாட்டு இல்லை. நம்மைப் போலக் கடல் கடந்து போன ஒருவனின் தும்மல்’ என்று சொல்லுங்கள்.

உளவுப் படங்களுக்கு உயிர் கொடுப்பது பின்னணி இசையே, பின்னணி இசையே என்று கூறி விடைபெறுகிறேன்.